மணிப்புறா கொடுத்த வாக்கு

குணாளன் பொய் சொல்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்து யாரும் அவனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. என்ன, உண்மையை அப்படியே வெளியே விடமாட்டான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலைசீவித்தான் அனுப்புவான்.

பினாங்கில், பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன். எந்த ஊரில் எந்தத் திருகாணி கிடைக்கும், யாரைப் பிடித்தால் நாளைக்கே வந்து இறங்கும் என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். அந்த வேலை ஒருநாள் வியட்நாமுக்குப் போய்விட்டது. இவன் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வயதில் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஜாதியா அவன்? மூன்றாவது வாரமே, இணையத்தில் சைக்கிள் விற்கப்போவதாக மனைவி தனுஜாவிடம் அறிவித்துவிட்டான்.

சைக்கிள் சீனாவிலிருந்து வரும். அதில் ஒரு சிக்கல். அதே சைக்கிளை, அதே அச்சில் வார்த்ததை, ஆறு பேர் ஆறு பெயரில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. ஏழாவது ஆளிடம் எவன் வந்து வாங்குவான்? இதே யோசனையாகக் கெம்பல் ஸ்திரீட் பக்கம் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான். பழைய கடைவீட்டைப் பழையதாகவே வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைக்குப் பதினாறு வெள்ளி வாங்குகிற கடை; ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அங்கே சுவரில், அலங்காரத்துக்கு மாட்டியிருந்தார்கள் அந்த விளம்பரத் தகட்டை.

கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு மணிப்புறா. அதைச் சுற்றி ஆங்கிலம், தமிழ், சீனம், அப்புறம் அரபு எழுத்தில் மலாய் எழுதுவார்களே, அந்த ஜாவி. தமிழில், மார்க் என்பதற்கு அந்தக் காலத்து ‘சாப்’ போட்டு, இப்படி இருந்தது: ‘மணிப்புறா சாப் சைக்கிள். மலாயாவில் நிகரற்றது. 1957.’

குணாளனுக்குப் புல்லரித்துவிட்டது. 1957! மெர்டேக்கா, சுதந்திரம் கிடைத்த வருடம்! காசு கொடுத்தாலும் கிடைக்காத வருடம்! அன்றைக்கே வணிகச் சின்னப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தான். மணிப்புறாவை முப்பது வருடத்துக்கும் மேலாக யாரும் புதுப்பிக்கவில்லை. விண்ணப்பம் போட்டான், காத்திருந்தான், பெயர் அவனுக்கே வந்துவிட்டது. சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. புறா ஒட்டாத சைக்கிள் நானூற்று முப்பது வெள்ளி. புறா ஒட்டினால் எண்ணூற்று எண்பது.

“ஒரு புறாவுக்கு நானூத்தம்பது வெள்ளியா?” என்றாள் தனுஜா. அவள் பட்டர்வொர்த்தில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். தினமும் ஆயிரம் பெட்டிகள் அவள் கண்ணெதிரே வந்து இறங்குகின்றன. எந்தப் பெட்டிக்குள் எது எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் கதைவிட முடியாது.

“புறாவுக்கு இல்ல தனு. ஹிஸ்டரிக்கு.”

“யாரு ஹிஸ்டரி?”

குணாளன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். விற்பனைப் பக்கத்தில் எழுதினான். பெரிய எழுத்தில், பொன்னிறத்தில்: ‘1957 முதல் உங்கள் குடும்பத்தோடு எங்கள் குடும்பம்.’

தனுஜா படித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். “உங்க அப்பா பிச்சைமுத்து வெல்ட் கீ தொறமுகத்துல மூட்ட தூக்குனவரு. அவரு எப்ப சைக்கிள் செஞ்சாரு?”

“அது ஒரு ஃபீலிங் லா. யாரு வந்து கேக்கப்போறா?”

முந்நூறு சைக்கிளுக்கும் பெட்டி அடித்தபோது அந்தத் தகட்டின் படத்தை அப்படியே பெட்டிமேல் போட்டான், நான்கு எழுத்தோடும். தமிழும் ஆங்கிலமும் படித்துப் பார்த்தாகிவிட்டது. சீனத்தை ஒரு சீனக் கடைக்காரர் படித்துச் சொன்னார், அதே விஷயம்தான். அப்படியானால் ஜாவியிலும் அதேதான் இருக்க வேண்டும். ஜாவியில் மூன்று வரி கூடுதலாக இருந்தது உண்மை. மலாயில் கொஞ்சம் நீட்டி மரியாதையாக எழுதியிருப்பார்கள் என்று அதற்கும் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். பதினொரு வருடம் ஒப்பந்தத்தின் கடைசிப் புள்ளிவரைக்கும் படித்துக் கையெழுத்துப் போட்டவன் செய்கிற காரியமா இது?

சரக்கு வந்து சேர்ந்தது. டத்தோ கிராமாட்டில் வாடகைக்கு எடுத்த கடைவீட்டின் கீழ்த்தளம் கூரைவரை புறாவாக நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கைப்பேசியில் நேரலை போட்டு விற்பனையைத் தொடங்குவதாக ஏற்பாடு. தொழிற்சாலை கொடுத்த தொகை முழுக்க அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது. விற்றால் நிமிரலாம்; விற்காவிட்டால் நாற்பது வயதில் மறுபடியும் எவனாவது வேலை தருவானா என்று வாசல்வாசலாக நிற்க வேண்டும்.

புதன்கிழமை காலை வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி இறங்கினார். தலையில் பச்சைத் துடோங் முக்காடு, காலில் விளையாட்டுச் சப்பாத்து. நடையைப் பார்த்தாலே வேலைக்காரர்களை வைத்து வேலை வாங்குகிறவர் என்று தெரிந்தது.

“தம்பி, மணிப்புறா கடை இதானே?”

“ஆமாக்கா, வாங்க வாங்க! என்ன கலர் பாக்குறீங்க?”

“கலர் கெடக்கட்டும். இத எறக்கணும், ஒரு கை புடிங்க.”

வேனின் பின்னால் ஒரு சைக்கிள் கிடந்தது. கறுப்பு, நல்ல உயரம், கம்பி பிரேக். கைப்பிடிக்குக் கீழே பிரேம் இரண்டாக முறிந்து, ராஃபியா கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. முன்பக்கத் தகட்டில் அதே மணிப்புறா. குணாளன் ஆசையாகத் தடவிப் பார்த்தான். நிஜ மணிப்புறாவை அவன் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான்!

“பிரேம் முறிஞ்சிருச்சு. மாத்திக் குடுங்க,” என்றார் அந்த அம்மாள். “எம் பேரு ஸஹ்ரா. நம்பர் எழுதிக்குங்க.”

“அக்கா, நாங்க ரிப்பேர் பண்றதில்ல. ஆன்லைன்ல விக்கிறது மட்டுந்தான்.”

“ரிப்பேரு யாரு கேட்டா? புது பிரேம் குடுங்க. சும்மா குடுங்க.”

“சும்மாவா?”

“நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க? அதுவும் முந்நூறு தடவ.” ஸஹ்ரா பெட்டிகள் பக்கம் கையை நீட்டினார். பிறகு அருகே போய், ஒரு பெட்டியில் விரலை வைத்து, வலமிருந்து இடமாக ஜாவியை மலாயில் கடகடவென்று படித்தார். முடித்துவிட்டு, “வெளங்குச்சா?” என்று கேட்டுத் தமிழிலும் சொன்னார். “‘இந்தச் சைக்கிளோட பிரேம் எப்ப முறிஞ்சாலும் கொண்டு வாங்க. புதுசு மாத்தித் தருவோம். காசு வாங்க மாட்டோம். மணிப்புறாங்கிற பேரு கடையில இருக்கிற வரைக்கும் இந்த வாக்கு இருக்கும்.’ பேரு இருக்கா? இருக்கு. பிரேம் முறிஞ்சிருக்கா? முறிஞ்சிருக்கு. அவ்வளவுதான் லா.”

குணாளன் பெட்டியருகே குனிந்தான். நம்பாமல் கைப்பேசியில் பெட்டியைப் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தான். கைப்பேசியும் ஸஹ்ரா அக்கா பக்கம்தான் நின்றது.

“ஜாவி தெரியாதா தம்பி?”

“நான் தமிழ்ப்பள்ளிக்கா.”

“அப்ப தெரியாத எழுத்த எதுக்கு முந்நூறு பெட்டியில அடிச்சீங்க?”

“பாக்க அழகா இருந்துச்சு,” என்றான் குணாளன். பவுடர் போடாமல் அவன் வெளியே விட்ட முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

ஸஹ்ரா சிரிக்கவில்லை. குணாளன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது பழைய கம்பெனி சொன்ன வார்த்த. நாங்க புதுசு.”

ஸஹ்ரா தன் கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “‘1957 முதல்... உங்கள் குடும்பத்தோடு... எங்கள் குடும்பம்.’ தம்பி, நீங்க புதுசா, பழசா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

குணாளன் மூலையில் கிடந்த சட்டைக் குவியலைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான் என்று அவனுக்குத் தெரிந்தது. “ஒரு டீ-ஷர்ட் தரட்டாக்கா? புறா போட்டது. எக்ஸ்எல் கூட இருக்கு.”

“எக்ஸ்எல்லா?” ஸஹ்ரா அவனை மேலும் கீழும் பார்த்தார். “சைக்கிள் இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம லைவ் போடுறீங்களாமே. நானும் பாப்பேன்.” வேன் போய்விட்டது. முறிந்த சைக்கிள் முந்நூறு புதுப் பெட்டிகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து நின்றது.

அன்று மத்தியானமே பள்ளித் தோழன் தனேஷைக் கூப்பிட்டான். தனேஷ் வழக்கறிஞர். சிரித்து முடிக்க அவனுக்கு ஒரு நிமிடம் ஆனது. “டேய், நீ வாங்குனது பேர மட்டுந்தான். பழைய ஆளு குடுத்த வாக்கெல்லாம் உன் தலையில வராது. அந்த ஜாவிய மறைச்சிடு, வேலை முடிஞ்சிது.”

“அந்தக்கா?”

“என்ன பண்ணுவாங்க? கோர்ட்டுக்கா வருவாங்க? வந்தா எனக்கு ஃபோன் பண்ணு.”

குணாளனுக்கு உயிர் வந்தது. உடனே ஜாவி வரிகளின் அளவுக்கு வெள்ளை ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் தனுஜா அரைநாள் விடுப்பு எடுத்து வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி பெட்டியாக ஒட்டினார்கள். தனுஜா எதைச் செய்தாலும் நேர்த்தியாகச் செய்வாள். மூலை மடங்காமல், குமிழ் வராமல் நீவி நீவி ஒட்டினாள். எண்பது பெட்டிவரை வாயே திறக்கவில்லை. குணாளனுக்கு அதுதான் பயம். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

எண்பத்தோராவது பெட்டியில் கையை எடுத்துவிட்டாள். “ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“1957-க்கு ஸ்டிக்கர் அடிக்கலயா?”

“அது எதுக்கு? அதுதானே விக்கிறதே!”

“ஓ. அப்ப வருஷம் நம்மளுது, வாக்கு வேற யாருதோ.” அவள் குரல் ஏறவில்லை. “அந்தக் காலத்துல இந்தப் புறாவ நம்பி யாரோ வாங்குனாங்கல்ல, அதனாலதான் இன்னிக்கு அதுக்கு நானூத்தம்பது வெள்ளி கூட வருது. அந்த நம்பிக்கய மட்டும் நாம எடுத்துக்குவோம். நம்புனவங்க வந்து நின்னா கதவச் சாத்திக்குவோம். அப்படித்தானே?”

“தனேஷ் சொன்னான், சட்டப்படி...”

“நான் சட்டம் கேக்கல. தனேஷோட அம்மா வந்து பிரேம் கேட்டா, தனேஷ் என்ன சொல்லுவான்னு கேளுங்க.”

“ஒருத்தருக்குக் குடுத்தா ஊரே வரும் தனு!” குணாளன் கத்தியே விட்டான். “பினாங்குல எத்தன மணிப்புறா இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இருக்கிற காசெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

தனுஜா ஸ்டிக்கர் தாளைக் கீழே வைத்தாள். அவன் பயம் அவளுக்கும் உண்டு. வீட்டுத் தவணை இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு தேநீர் வாங்கப் போனாள். குணாளன் வீம்புக்குத் தனியாக உட்கார்ந்து மிச்சத்தை ஒட்டினான். அவன் ஒட்டியதெல்லாம் கோணலாக வந்தது. ஒட்ட ஒட்ட வெட்கமாக இருந்தது. தான் செய்வது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால் இன்னும் வேகமாக ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புறா போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், பின்னால் பெட்டிகளின் சுவர், பக்கத்தில் மின்னுகிற நீலச் சைக்கிள் ஒன்று. தனுஜா கைப்பேசியை முக்காலியில் பொருத்திவிட்டு, பார்ப்பவர்கள் எழுதுவதைப் படித்துச் சொல்ல இன்னொரு கைப்பேசியோடு எதிரே உட்கார்ந்தாள். பதினொன்று அடிக்கும்போது இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வணக்கம், செலாமாட் பாகி, மணிப்புறா குடும்பத்துக்கு வருக வருக!” குணாளன் தொடங்கினால் கேட்க வேண்டுமா? சக்கரத்தைச் சுழற்றினான், மணியை அடித்தான், இருக்கையைத் தட்டினான். ஐந்து நிமிடத்தில் நான்கு சைக்கிள் போய்விட்டது. தனுஜா விரலைக் காட்டி எண்ணிக்கை சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. உதட்டை அசைத்து, ‘அந்தக்கா’ என்றாள்.

ஸஹ்ரா எழுதியிருந்தார்: ‘தம்பி, என் பிரேம் என்ன ஆச்சு?’

குணாளன் பார்க்காதது மாதிரி கியர் மாற்றிக் காட்டினான். மறுபடியும் வந்தது: ‘தம்பி, பிரேம்?’ மூன்றாம் தடவை வேறு யாரோ கேட்டார்கள்: ‘என்னா பிரேம்? என்ன விஷயம்?’ நான்காவது ஆள் ஒருவர், விஷயமே தெரியாமல், ‘அந்தம்மா பிரேம குடுங்கய்யா’ என்று எழுதிவிட்டுச் சிரிக்கிற முகம் ஐந்து போட்டார்.

தனுஜா தன் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பினாள். ஸஹ்ராவின் பெயருக்கு நேரே ‘தடை செய்’ என்ற பொத்தான். அழுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. அவன் சொல்வதைச் செய்யத் தயாராக விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குணாளன் அந்த விரலைப் பார்த்தான். அவன் தலையை ஆட்டி வேண்டாமென்றான்.

பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுத்து முன்னால் வைத்து, வெள்ளை ஸ்டிக்கரின் மூலையைக் கிள்ளினான். அது தனுஜா ஒட்டியது, லேசில் வருமா? பாதி கிழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு, நகம் வலிக்க வலிக்க வந்தது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல என்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாம அடிச்சிட்டேன்,” என்றான். “அந்தக்கா வந்து படிச்சுச் சொன்னாங்க. பிரேம் முறிஞ்சா மணிப்புறா சும்மா மாத்திக் குடுக்கும்னு இருக்கு. அத மறைக்கத்தான் இந்த ஸ்டிக்கர்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “இன்னொண்ணும் சொல்லிடுறேன். நான் அந்தக் குடும்பம் இல்ல. எங்கப்பா ஹார்பர்ல மூட்ட தூக்குனாரு. இந்தப் பேரு சும்மா கெடந்துச்சு, பாத்தேன், எடுத்துக்கிட்டேன். அதுக்குச் சொந்தக்காரங்க எங்க இருக்காங்கன்னு ஒரு வார்த்த கேக்கக்கூட இல்ல. சைக்கிள் சீனாவுல செஞ்சது. நல்ல சைக்கிள், ஆனா 1957 இல்ல. அத இன்னிக்கே எடுத்துடுறேன். இந்த மூணு வரிய எடுக்க மாட்டேன். பழைய மணிப்புறாவோ புது மணிப்புறாவோ, பிரேம் முறிஞ்சா கொண்டு வாங்க. பேர நான் வச்சிருக்கேன், நானே மாத்தித் தரேன். ஸஹ்ராக்கா, உங்க பிரேம் தேடித் தரேன். ஒரு வாரம் டைம் குடுங்க.”

இதைக் கேட்டு ஊரே கைதட்டி முந்நூறு சைக்கிளையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. பார்ப்பவர்கள் நூற்று இருபதாகக் குறைந்தார்கள். ‘அப்ப எதுக்கு இந்த வெல?’ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குணாளன் தனுஜாவைப் பார்த்தான், தனுஜா குணாளனைப் பார்த்தாள், அங்கேயே நூற்று எண்பது வெள்ளி குறைத்தான். முதல் நான்கு பேருக்கும் அதே விலை என்றான். மதியத்துக்குள் இருபத்தாறு சைக்கிள் போனது. நூறு போகும் என்று கனவு கண்டவன் அவன். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபோது பசித்தது. புதன்கிழமையிலிருந்து அவனுக்குப் பசியே எடுக்கவில்லை. தனுஜா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, “வாங்க, மீன்தலக் கறி சாப்புடுவோம்,” என்றாள்.

அடுத்த நாளிலிருந்து குணாளன் பழையபடி கொள்முதல்காரனாகிவிட்டான். இருபத்தெட்டு அங்குலச் சக்கரத்துக்குப் பிரேம், பழைய மாடல், முறியாதது. சீனாவில் கேட்டால் ஐந்நூறு பிரேமுக்குக் குறைந்து அனுப்ப மாட்டார்களாம். கோலாலம்பூரில் இல்லை. அலோர் ஸ்டாரில் இருந்தது, துருப்பிடித்துப் பொடிந்துபோயிருந்தது. இருபத்திரண்டு பேருக்கு ஃபோன் போட்டு, வியாழக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சீனர் கடையின் பரணில் கண்டுபிடித்தான். காகிதம்கூடப் பிரிக்காமல் கறுப்பாக ஒரு பிரேம், இந்தியாவில் செய்தது. கடை முதலாளியான தவுக்கே, “இதை வச்சு என்ன செய்யப்போற?” என்று மலாயில் கேட்டார். “குடுக்கப்போறேன்,” என்றான் குணாளன். தவுக்கே அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பழைய சைக்கிளின் சக்கரம், கைப்பிடி, இருக்கை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் புதுப் பிரேமில் மாட்டினான். மூன்று நாள் பிடித்தது. பழைய பிரேமின் முன்தகட்டில் இருந்த மணிப்புறாவையும் கழற்றி, புதியதில் பதித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸஹ்ரா வந்தார். சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிரேமை விரல்முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிரேக் பிடித்தார். அப்புறம் பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, துடோங்கின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று குணாளன் பயந்துவிட்டான். தனுஜா தண்ணீர் எடுக்க ஓடினாள். பார்த்தால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறார்! தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

“என்னாக்கா? பிரேம் சரியில்லையா?”

“பிரேம் ஜோரா இருக்கு தம்பி.” ஸஹ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த மூணு வரிய எழுதுனது யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க அத்தா. அப்துல் ஹமீது. மணிப்புறா அவரு கட.”

குணாளன் நின்ற இடத்திலேயே நின்றான். காது இரண்டும் சூடாகிவிட்டது. “அக்கா... இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா? மன்னிச்சுக்குங்கக்கான்னு சொல்லி ஒரு பரிசுக்கூடையைத் தூக்கிட்டு வருவீங்க. ‘எங்கள் குடும்பம்’னு பாத்தேன் பாருங்க, எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. எந்தக் குடும்பம்? எங்க அத்தாவுக்கு நாங்க நாலு பொண்ணுங்க. நாலு பேரும் வேற வேற தொழிலுக்குப் போயிட்டோம், பேர விட்டுட்டோம், அது எங்க தப்பு. அதுக்காக ஒருத்தரு வந்து எங்க குடும்பமாவே ஆயிடுறதா? பிரேம் கேட்டா பயந்துபோயி பேரப் போட்டுட்டு ஓடிடுவீங்கன்னுதான் வந்தேன்.”

“அப்ப ஏன்க்கா சிரிக்கிறீங்க?” என்றாள் தனுஜா.

“சிரிக்காம? தங்கச்சி, அந்த வாக்க நம்பி எங்க கடைக்கு எத்தன பேரு வந்தாங்க தெரியுமா! சுங்கை பாக்காப்புலேருந்தெல்லாம் ஃபெரி ஏறி வருவாங்க. அத்தா எல்லாரையும் கட்டிப்புடிச்சு உக்கார வப்பாரு. ரொட்டி, தே தாரிக், குடும்ப விசாரிப்பு, எல்லாம் நடக்கும். அதுக்குள்ள பின்னால வெல்டிங் வச்சு, கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, புது பிரேம்னு சொல்லித் தள்ளிவிட்டுருவாரு. அவரு கட வச்சிருந்த காலம் பூரா ஒரு பிரேம்கூட மாத்துனதில்ல!” ஸஹ்ராவுக்கு மறுபடியும் சிரிப்பு பொங்கியது. “இது அவரு ஓட்டுன சைக்கிள். இதுவே முறிஞ்சுது. அவருக்கே அவரு மாத்திக்கல!”

தனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குணாளனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்ததை அவன் கேட்டுவிட வேண்டியிருந்தது.

“அக்கா, பேர எடுத்துடவா? நெசமாத்தான் கேக்குறேன். சொல்லுங்க, வேற பேரு வச்சுக்கிறேன். பெட்டியெல்லாம் மாத்திடுறேன்.”

ஸஹ்ரா சிரிப்பை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், கோணல்மாணலாக ஸ்டிக்கர் கிழிந்துகிடந்த பெட்டிகளைப் பார்த்தார், எழுந்து வந்து சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம். வச்சுக்குங்க. எங்க வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்ததாவே இருக்கட்டும், இப்ப கேட்டீங்கல்ல. ஆனா வருஷம் போடாம விடாதீங்க.”

“1957-ஐ எடுத்தாச்சுக்கா. லைவ்லயே சொன்னேனே.”

“அத யாரு கேட்டா? இந்த வருஷத்தப் போடுங்க. மணிப்புறா சொன்னதச் செஞ்சது இந்த வருஷந்தான் தம்பி.”

குணாளன் வழியில் இருந்த பெட்டிகளை ஒதுக்கிக் கதவை அகலத் திறந்துவிட்டான்.  ஸஹ்ரா அக்கா வேனை அங்கேயே விட்டுவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சைக்கிளில் ஏறினார். முதலில் இரண்டு ஆட்டம் ஆடினார். அப்புறம் நிமிர்ந்து, மணியை அடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

தனுஜா கைப்பேசியில் விற்பனைப் பக்கத்தைத் திறந்து, வருடம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“மாசம் தேதியும் போடட்டா?”

“போடு,” என்றான் குணாளன். “இன்னிக்குத் தேதி.”